வாசல் காத்த சகோதரர் அந்திரே

கனடாவின் மொன்றியலில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு அடுக்குமாடியில் வாசல் காவல். ஊரில் கணக்கு வாத்தியார்; இங்கே பார்சல் வாங்கி வைக்கிறது, படியில் உறைபனி பிடிக்காமல் உப்புத் தூவுகிறது. பிரெஞ்சும் அரைகுறை. யாராவது வேகமாகப் பேசினால் பாதி விளங்காது, சிரித்துச் சமாளிப்பேன். அந்தக் காலத்தில் செபமாலையைக் கையில் எடுக்கவே மனம் வரவில்லை.

கோட்-டெ-நேஜ் பக்கம் அறை எடுத்ததால் சூசையப்பர் கோயில் நடை தூரந்தான். இங்குள்ள தமிழாக்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். சைவக்காரரும் வந்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். நடுவில் 99 மரப்படிகள், முழங்காலில் ஏறுகிறவர்களுக்கென்றே. தடித்த பனிக்கால உடுப்போடு ஒரு வயதான அம்மா படிக்குப் படி நின்று செபம் சொல்லி ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு முழங்கால் சரியில்லை, பக்கத்துப் படியால் நடந்துதான் போவேன்.

அந்தக் கோயில் எழும்பக் காரணமானவர் சகோதரர் அந்திரே. 1845இல் கியூபெக் கிராமமொன்றில் பிறந்தவர். மரம் விழுந்து தகப்பன் போனார், காசநோயில் தாய் போனார். 12 வயதில் அநாதை. எழுத்து வாசிப்பும் குறைவு, தீராத வயிற்றுக் கோளாறு வேறு. பிழைப்புக்காக எல்லை தாண்டி அமெரிக்கப் பஞ்சாலைகளிலும் வேலை செய்திருக்கிறார். திருச்சிலுவைச் சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேரப் போனால், நோஞ்சான் என்று முதலில் தயங்கினார்கள். பிறகு கொடுத்த வேலை, கோயிலுக்கு எதிரே இன்றும் இருக்கும் நோத்ர்-டாம் கல்லூரியில் வாசல் காவல். ஏறக்குறைய 40 வருடம்! சபைக்குள் வந்ததும் வாசலைக் காட்டினார்கள், அங்கேயே நின்றுவிட்டேன் என்று அவரே பகிடி விடுவாராம்.

அந்த வாசலுக்குத்தான் நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். சூசையப்பர் சுருவத்துக்கு முன் எரியும் விளக்கின் எண்ணெயைக் கொடுத்து, அவரிடம் மன்றாடச் சொல்லி அனுப்புவார். 1904இல் மலையில் ஒரு சின்னச் சிற்றாலயம். 1937 தை மாதக் குளிரில் அவர் இறந்தபோது சுமார் பத்து லட்சம் பேர் வரிசையில் வந்து பார்த்தார்கள். 2010இல் புனிதர் பட்டம்.

குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் கோயிலுக்குள் வரிசையாகத் தொங்குகின்றன. அதைப் பற்றி நான் தர்க்கம் பண்ணுவதில்லை. எனக்குப் பிடித்தது, அவர் பகலில் தரை துடைத்து, கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த சாதாரண நாட்கள். களைத்துப்போனால், வந்தவர்களிடம் சில நேரம் சிடுசிடுப்பாராம். அதைக் கேட்டபோது பெரிய ஆறுதலாக இருந்தது. வேலை மாறட்டும் என்று மட்டுமே மன்றாடிக்கொண்டிருந்த நான், அப்புறம் இரவு வேலையில் செபமாலையும் சொல்லத் தொடங்கினேன். வேலை மாறவில்லை.

அம்மாவுக்கு இதையெல்லாம் தொலைபேசியில் விளக்கினேன். கேட்டுவிட்டு, யாழ்ப்பாணம் வருகிற ஆரிடமாவது அந்த எண்ணெயில் இரண்டு போத்தல் கொடுத்துவிடச் சொன்னார். ஒன்று பக்கத்து வீட்டு மாமிக்காம்.