செக்யூர் பூட்டை அணைக்காமலேயே பிசிஎம்43142-க்கு வைஃபை

தங்கையின் பழைய லேப்டாப்பில் டெபியன் 12 லினக்ஸ் போட்டு ஒருவழியாக வைஃபை ஓடிவிட்டது. அதுவும், நம்பகமான கையொப்பம் இல்லாத நிரலை மெஷின் தொடங்கும்போதே தடுக்கும் செக்யூர் பூட்டைத் தொடாமல். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். தேடிப் பார்த்த இடத்திலெல்லாம் முதல் யோசனையே "பயாஸில் போய் செக்யூர் பூட்டை அணைத்துவிடு" என்பதாகவே இருந்தது.

அணைப்பது எனக்குத் தோதுப்படவில்லை. வட்டின் மறுபாதியில், பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு போட்ட விண்டோஸ் இருக்கிறது. செக்யூர் பூட்டில் கைவைத்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு உட்கார்ந்துகொள்ளும். தங்கையிடம் கேட்டேன். "எந்தச் சாவி அண்ணா?" என்றாள். சரி, வேறு வழி.

வைஃபை சிப், பிராட்காம் பிசிஎம்43142. வன்பொருளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என் சேர்த்துப் போட்டால் அடையாள எண் 4365 என்று முடியும். லினக்ஸோடு வரும் பி43 டிரைவர் இதற்கு உதவாது, பிராட்காமின் டபிள்யூஎல் மட்டும்தான். 2023-இல் வந்த டெபியன் 12 இன்ஸ்டாலரிலேயே ஃபர்ம்வேர்களையும் (கார்டுக்குள் ஏற்றும் நிரல்கள்) சேர்த்துக் கொடுத்தார்கள், நல்ல காரியம். ஆனால் டபிள்யூஎல் வெறும் ஃபர்ம்வேர் இல்லை, மூடிய மூலநிரலோடு வரும் டிரைவர். அதனால் இன்னும் டெபியன் களஞ்சியத்தின் நான்-ஃப்ரீ பகுதியில்தான் கிடக்கிறது. போனை யூஎஸ்பி டெதரிங்கில் மாட்டி, கர்னல் ஹெடரோடு பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் தொகுப்பை இறக்கினேன்.

கர்னலுக்கேற்ப டிரைவரைக் கட்டித்தரும் கருவியான டிகேஎம்எஸ் முனகாமல் கட்டி முடித்தது. டிரைவரைக் கர்னலில் ஏற்றும் மாட்ப்ரோப் கட்டளையை அடித்தால், "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்", அதாவது சாவி ஏற்கப்படவில்லை. டிரைவர்தான் சரியில்லை என்று நினைத்து வேறு பதிப்பைத் தேடி அலைபவர்கள் இங்கேதான் கிளம்புகிறார்கள். டிரைவரில் குறையே இல்லை. செக்யூர் பூட் இயங்கும்போது, தனக்குத் தெரியாத சாவியால் கையொப்பமிட்ட மாட்யூலை (இங்கே டிரைவர்) கர்னல் உள்ளே விடாது. டெபியன் 12-இன் டிகேஎம்எஸ் தானே ஒரு சாவியை உருவாக்கி, மாட்யூலில் கையொப்பமும் போட்டுவிடுகிறது. மோக்.பப் என்ற அந்தச் சாவியை மெஷினுக்கு அறிமுகம் செய்வது மட்டும் நம் வேலை.

அதற்கான கட்டளை மோக்யூட்டில். அதில் இம்போர்ட் கொடுத்தால் ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த பூட்டில் ஒரு தடவை தட்டத்தான் அது, அதோடு மறந்துவிடலாம். குறியீடெல்லாம் வேண்டாம், எண்களாகவே வையுங்கள். அதைக் கேட்கும் திரைக்கு அமெரிக்க விசைப்பலகை மட்டும்தான் தெரியும். ரீபூட் செய்ததும் நீலத்திரை வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லி பத்து வினாடி எண்ணும். விட்டால் சத்தமில்லாமல் டெபியனுக்குள் போய்விடும். கொடுத்த கோரிக்கையும் அழிந்துவிடும், மறுபடி இம்போர்ட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எந்தப் புண்ணியவான் யோசித்ததோ தெரியவில்லை. இந்த லேப்டாப்பில் திரை வெளிச்சம் வருவதற்குள்ளேயே பாதி நேரம் போய்விடுகிறது. ஃபேன் சத்தம் கேட்டதுமே கீழ் அம்பு விசையைத் தட்டிக்கொண்டே இருப்பதுதான் ஒரே வழி. அப்புறம் வரிசையாக என்ரோல் மோக் (சாவியைப் பதி), கன்டின்யூ, யெஸ், கடவுச்சொல், ரீபூட்.

உள்ளே வந்ததும் மோக்யூட்டிலில் டெஸ்ட்-கீ கொடுத்துப் பாருங்கள், சாவி ஏற்கெனவே பதிந்திருப்பதாகச் சொல்ல வேண்டும். மாட்ப்ரோப் எதுவும் பேசாமல் முடிந்தால் வேலை முடிந்தது. கர்னல் புதுப்பித்தாலும் டிகேஎம்எஸ் அதே சாவியில்தான் கையொப்பமிடும், நீலத்திரை திரும்ப வராது.

வேகம் மட்டும் சுமார். 2.4 கிகாஹெர்ட்ஸ், ஒரே ஆன்டெனா. இணைப்பு வேகம் 72 எம்பிபிஎஸ்-ஐத் தாண்டவில்லை. சென்னை ரிச்சி தெருவில் அரை அளவு மினி பிசிஐஇ கார்டு ஒன்று தேடலாம் என்றிருக்கிறேன், லினக்ஸின் ஏத்9கே டிரைவரில் ஓடும் ஏத்தரோஸ் சிப் கிடைத்தால் ஃபர்ம்வேர் தொல்லைகூட இல்லை. சில லேப்டாப்களில் பயாஸ் தன் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது, அதை முதலில் பார்க்க வேண்டும். யூஎஸ்பி டாங்கிள் பக்கம் போவதாக இல்லை. பெட்டியில் அதே மாடல் பெயர் இருக்கும், பதிப்பு மாறினால் உள்ளே சிப்பே வேறு. கடைக்காரரைக் கேட்டால் "எல்லாத்துலயும் ஓடும் சார்" என்பார்.

ப்ளூடூத் இன்னும் பாக்கி. அதே கார்டுதான், ஆனால் அதற்குத் தனியாக எச்சிடி என்ற ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும். விண்டோஸ் டிரைவரிலிருந்து எடுத்து மாற்ற வேண்டும். தங்கை ஹெட்போனை மாட்டக் கேட்கும்வரை அதைத் தொடுவதாக இல்லை.