வளையல் கையிலேயே இருந்த கிறிஸ்மஸ்

2022 டிசம்பர் 21-ம் தேதி என் இரண்டு பவுன் வளையலை அடகு வைத்து 40,000 ரூபாய் வாங்கினோம். நான், அவர், பிள்ளைகள் இரண்டு பேர், மாமியார், கொழுந்தன் வீட்டில் நான்கு பேர் என்று ஒன்பது பேருக்குத் துணி. சென்னையிலும் மும்பையிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு மக்ரூன் பார்சல். வாசலுக்குப் புது ஸ்டார், சீரியல் லைட். 23-ம் தேதி ராத்திரி பார்சல் கூலி பற்றி ஆரம்பித்த பேச்சு சண்டையில் முடிந்தது. நள்ளிரவுத் திருப்பலிக்கு இரண்டு பேரும் பேசாமலேதான் போனோம்.

வளையலைத் திருப்பும்போது ஆகஸ்ட் கடைசி. வட்டி மட்டும் 3,200 ரூபாய். ஆகஸ்ட் 5-ம் தேதி எங்கள் ஊர் தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழாவுக்கு வெறுங்கையோடு போனது இன்னும் மனசில் இருக்கிறது.

எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அவர் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறார். போனஸ் தீபாவளிக்கு வரும். கிறிஸ்மஸுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்று வண்டி ரிப்பேர், ஸ்கூல் பீஸ் என அது கரைந்துவிடும். டிசம்பர் கடைசி வாரத்தில் சம்பளமும் தீர்ந்திருக்கும். செலவு மொத்தமும் அந்த ஒரு வாரத்தில்தான் வந்து நிற்கும்.

அடுத்த வருஷமும் துணி எடுத்தோம், கிரெடிட் கார்டில். 2023 டிசம்பர் 17, கிறிஸ்மஸுக்குக் காத்திருக்கிற திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. அன்று பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், வீட்டுக்குள் முழங்காலளவு. பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்த துணிப் பை சாக்கடைத் தண்ணீரில் ஊறிப்போனது. மாடியில் இருக்கிற முஸ்லிம் வீட்டு அக்கா எங்களை மேலே கூப்பிட்டுக்கொண்டார். நான்கு நாள் கரண்ட் இல்லை. அவர்கள் வீட்டுக் கஞ்சியைத்தான் ஐந்து பேரும் குடித்தோம்.

திங்கட்கிழமை கிறிஸ்மஸ். பிள்ளைகள் பழைய உடுப்போடு கோயிலுக்கு வந்தார்கள். யாரும் யாருடைய துணியையும் பார்க்கவில்லை. "உங்க வீட்டுல தண்ணி வடிஞ்சிட்டா?" என்றுதான் எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். வீட்டில் செருப்பு அட்டைப்பெட்டியில் மகள் குடில் செய்திருந்தாள். அந்த ராத்திரி எங்களுக்குள் சண்டை இல்லை. "சேத்துல போன துணி இல்லாம என்ன குறைஞ்சு போச்சு?" என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

சரி, இதை மாற்றுவோம் என்று 2024 பிப்ரவரியில் வங்கியில் ஒன்பது மாத ஆர்.டி. போட்டோம், மாதம் 2,000 ரூபாய். நவம்பரில் 18,000 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் வந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்று முதலிலேயே பேசி வைத்தோம்.

பணம் சேர்ப்பதைவிட மாமியாரிடம் சொல்வதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "மாமி, இந்த வருஷம் பிள்ளைங்க நாலு பேருக்கு மட்டும் துணி எடுக்கலாம்னு இருக்கோம்." அவர் முகம் வாடிவிட்டது. "ஊர்ல என்ன சொல்லுவாவ?" என்று கேட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அடுப்படியில் அவராகவே சொன்னார்: "ஏளா, எனக்கு மடிப்புக் கலையாம நாலு சேலை கிடக்கு. வளையலத் திரும்ப வச்சிராத." எனக்குக் கண் கலங்கிவிட்டது. வளையல் விஷயம் அவரையும் அவ்வளவு உறுத்தியிருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

பெரியவர்கள் ஐந்து பேரின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கினோம். யார் பெயர் வருகிறதோ அவருக்கு மட்டும் பரிசு, 500 ரூபாய்க்குள். அக்டோபர் 31-ம் தேதி தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போனால் துணிக்கடையில் கூட்டமே இல்லை. பிள்ளைகள் நிதானமாகப் போட்டுப் பார்த்து எடுத்தார்கள். ஸ்டார் பழையதுதான், பல்பு மட்டும் மாற்றினோம். வெளியூர்ச் சொந்தங்களுக்குப் பார்சல் இல்லை, போனில் கூப்பிட்டுப் பேசினோம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒன்றில் மட்டும் கை வைக்கவில்லை. தெருவில் கொடுக்கிற பலகாரத் தட்டு. தீபாவளிக்கும் பெருநாளுக்கும் எங்களுக்கு வருகிற தட்டுகளுக்கு நாங்கள் திருப்பிக் கொடுக்கிற ஒரே நாள் அது. கடையில் வாங்காமல் கொழுந்தன் மனைவியும் நானும் ஒரே ராத்திரியில் அச்சு முறுக்கும் கலகலாவும் சுட்டோம்.

திருவருகைக் காலம் முழுக்க ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் என்கிற புகழ்ப்பாட்டைப் பாடமாட்டோம், கிறிஸ்மஸ் வரை காத்திருப்போம். சிறு வயதிலிருந்து தெரிந்ததுதான். ஆனால் டிசம்பர் 1-ம் தேதியே கடைக்கு ஓடியதில் அந்தக் காத்திருப்பை நான் கவனித்ததே இல்லை. 2024-ல் நள்ளிரவில் மணியடித்து அதைப் பாடியபோது என்னால் சேர்ந்து பாட முடிந்தது. குழந்தை இயேசு சொரூபத்தைக் குடிலில் வைத்ததும் அவர் என் கையைப் பிடித்தார். வளையல் கையில் இருந்தது.

காலையில் முதல் தட்டு மாடி வீட்டு அக்காவுக்குப் போனது.