எல்.என்.ஜி. குளிரிலிருந்து மின்சாரம்: என் எம்.இ. ப்ராஜெக்ட் அனுபவம்

இதே தலைப்பில் ப்ராஜெக்ட் எடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எல்.என்.ஜி. என்பது திரவமாக்கிய இயற்கை எரிவாயு. அந்த வாயுவை மைனஸ் 162 டிகிரி வரை குளிர்வித்துத் திரவமாக்க டன்னுக்கு ஏறத்தாழ 300 யூனிட் மின்சாரம் செலவாகிறது. கப்பலில் வந்து இறங்கியதும் பெரும்பாலான முனையங்களில் அதைக் கடல்நீரால் சூடாக்கி வாயுவாக்குகிறார்கள், அவ்வளவு குளிரும் கடலோடு போய்விடுகிறது. எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தத் தலைப்பு.

ஜப்பானில் ஒசாகா கேஸ் நிறுவனம் சென்போகு முனையத்தில் 1979-லேயே இந்தக் குளிரை வைத்து 1,450 கிலோவாட் எடுத்துக் காட்டியது. அந்த முறையைத்தான் சிமுலேஷனில் கட்டினேன்: மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் புரொப்பேனைக் கடல்நீர் கொதிக்க வைக்கும், ஆவி டர்பைனைச் சுழற்றும், வெளியேறும் ஆவியைக் கண்டென்சர் என்ற குளிர்விக்கும் கலனில் எல்.என்.ஜி. மறுபடி திரவமாக்கும், பம்ப் அதைத் திருப்பி அனுப்பும். எதையும் எரிக்க வேண்டியதில்லை.

மைனஸ் 162 கையில் இருக்கும்போது புரொப்பேனை ஏன் மைனஸ் 40-லேயே நிறுத்துகிறாய் என்று கைடு கேட்டார். நியாயமான கேள்வி. புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42; அதற்கும் கீழே இறக்கினால் கண்டென்சருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்து, எங்காவது கசிவு இருந்தால் காற்று உள்ளே புகுந்துவிடும், எரியும் வாயுவோடு காற்று சேர்வதை எந்த ஆலையும் ஒப்புக்கொள்ளாது. ஆனால் இப்படி நிறுத்துவதால் மிக ஆழமான குளிர் வீணாகிறது. மைனஸ் 89-ல் கொதிக்கும் ஈத்தேனைக் கலந்து பார்த்ததில் உற்பத்தி கூடியது, கூடவே வேலையும் கூடியது. கலவை விகிதத்தை மாற்றி மாற்றி ஓட்டுவதிலேயே பெரும்பகுதி நேரம் போனது.

அப்புறம் அழுத்தம். வாயு அனுப்பும் குழாய்க்கு 70 பார் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 70 மடங்கு) வேண்டுமென்றால், எல்.என்.ஜி.யில் பெரும்பகுதியான மீத்தேன், திரவம்-வாயு வித்தியாசம் மறையும் 46 பாரைத் தாண்டிவிடுவதால் ஒரே வெப்பநிலையில் நின்று கொதிக்காது, படிப்படியாகச் சூடேறும், கண்டென்சர் கணக்கே மாறிவிடும். 1982-ல் சென்போகுவில் வந்த 6,000 கிலோவாட் நிலையம் எரிவாயுவையே நேரடியாக டர்பைனில் விரியவிட்டும் மின்சாரம் எடுத்தது. வாங்குபவருக்குக் குறைந்த அழுத்தம் போதும் என்றால்தான் அது கட்டுப்படியாகும்.

எண்ணூர் எல்.என்.ஜி. முனையத்தின் திறன் ஆண்டுக்கு 50 லட்சம் டன். அது முழுதாக ஓடினால், புரொப்பேன் மட்டும் வைத்து டன்னுக்குச் சுமார் 20 யூனிட் என்ற என் கணக்கில், 11 மெகாவாட் வருகிறது. நம் கடல் வெதுவெதுப்பாக இருப்பதும் நமக்குச் சாதகம்தான். வைவாவில் அதிகம் கேட்டது, வாயுத் தேவை குறையும் நேரத்தில் என்னாகும் என்றுதான், பாதி ஓட்டத்துக்கும் ஓட்டி வைத்திருந்ததால் சமாளித்தேன். நீங்களும் வாயு வெளியேறும் அழுத்தத்தையும் மணிவாரி அளவையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள், மற்றதெல்லாம் அதற்கப்புறம்.