பழைய வீராவில் தானாக மங்கும் கண்ணாடி

6 ஜூலை 2024, சனிக்கிழமை

அப்பாவின் புரோட்டோன் வீரா காரில் இருக்கும் பின்னோக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இரவில் தானாக மங்கும் கண்ணாடி ஒன்றைப் பொருத்துவதென்று முடிவு செய்துவிட்டேன். புதிய வண்டிகளில் விலை கூடிய ரகங்களுக்கு மட்டும் தரப்படும் வசதி அது. அதனால் பலர் அதை ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். ஈஜோக்கிலிருந்து பெஸ்தாரி ஜெயா வரும் சாலையில் இரவு நேரத்தில் ஓட்டுபவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். இந்த ஊர் இன்னும் எங்கள் வாயில் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவில் செம்பனை முதன்முதலாக வணிக முறையில் நடப்பட்டது இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில், 1917-ஆம் ஆண்டில். அன்று தொடங்கிய செம்பனைக் குலைப் போக்குவரத்து இன்றும் ஓயவில்லை. குலை ஏற்றிய லாரிகளுக்கும் உயர்த்திக் கட்டிய பிக்கப் வண்டிகளுக்கும் முகப்பு விளக்குகள் எங்கள் வீராவின் பின்புறக் கண்ணாடி மட்டத்தில் இருக்கின்றன. பின்னால் ஒன்று நெருங்கி வந்தால் அதன் வெளிச்சம் முழுவதும் நேராக உள்ளே கொட்டுகிறது.

பழைய கண்ணாடியின் அடியில் ஒரு சிறு நெம்பு இருக்கிறது. அதைத் தள்ளினால் கூச்சம் தணிகிறது. இதன் அமைப்பு எளிமையானது. கண்ணாடித் தகடு ஆப்பு வடிவத்தில், மேலும் கீழும் வேறு வேறு தடிப்பில் வெட்டப்பட்டிருக்கிறது. பகலில் பின்பக்க வெள்ளிப் பூச்சு பிரதிபலிக்கிறது. நெம்பைத் தள்ளியதும் அந்தப் பிம்பம் கூரைப் பக்கம் போய்விட, பூச்சில்லாத முன்பரப்பு திருப்பித் தரும் ஏறத்தாழ 4 விழுக்காட்டு ஒளி மட்டும் கண்ணுக்கு வருகிறது. லாரியின் விளக்குக்கு அந்த 4 விழுக்காடு போதும். தோட்டத்து வேலை முடிந்து மங்கிய விளக்கோடு வரும் கப்சாய் என்னும் சிறு மோட்டார் சைக்கிளுக்கு அது போதாது. லாரி முந்திச் சென்ற பிறகும் கை நெம்பைத் திருப்ப மறந்துவிடுகிறது. தோட்டச் சந்தியில் வலப்பக்கம் திரும்பும்போது பின்னால் வருபவன் இருட்டிலேயே கிடக்கிறான். எனக்கு வேண்டியது கூச்சத்தின் அளவுக்கு மட்டும் மங்கி, கூச்சம் போனதும் தானே தெளியும் கண்ணாடி.

10 ஜூலை 2024, புதன்கிழமை

இந்தக் கண்ணாடி வேலை செய்யும் விதத்தை முழுமையாகப் புரிந்துகொண்ட பிறகே கையை வைக்க வேண்டும் என்று இரண்டு மாலைப் பொழுதுகளை அதற்குக் கொடுத்தேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஜென்டெக்ஸ் நிறுவனம் 1982-இல் கொண்டுவந்த முதல் தானியங்கிக் கண்ணாடியில், ஒளியை உணர்ந்ததும் ஒரு சிறு மோட்டார் அதே ஆப்புக் கண்ணாடியைச் சாய்த்தது. 1987-இல்தான் அசையும் பாகமே இல்லாத மின்நிறமாற்றக் கண்ணாடி வந்தது. இதில் இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள் உள்ளன. அவற்றின் உட்பரப்புகளில் மின்சாரம் கடத்தும் பூச்சு இருக்கிறது. நடுவே ஒரு கூழ் அடைக்கப்பட்டிருக்கிறது. ஒரு வோல்ட்டுக்குச் சற்றே மேற்பட்ட அழுத்தம் கொடுத்தால் கூழில் கரைந்துள்ள வேதிப்பொருள்களில் ஒன்று எலெக்ட்ரானை ஏற்க, மற்றொன்று இழக்க, இரண்டும் நிறம் கொள்கின்றன. அழுத்தத்தை எடுத்துவிட்டால் அவை தமக்குள் எலெக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்து நிறமற்றுப் போகின்றன. மின்சாரம் அறுந்தால் இது தெளிவான கண்ணாடியாகவே நிற்கும் என்பது இதனால் உறுதியாகிறது. பழுதானாலும் ஓட்டுநரை இருட்டில் விடாத இந்தக் குணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஒளியை அளக்க இரண்டு உணரிகள். முதுகுப் பக்கம் விண்ட்ஸ்கிரீனை நோக்கி இருப்பது சுற்றுப்புறம் இருட்டா வெளிச்சமா என்று பார்க்கிறது. முகப் பக்கம் இருப்பது பின்னால் வரும் ஒளியைப் பார்க்கிறது. முன்னால் இருட்டும் பின்னால் கூச்சமும் ஒன்றாக இருந்தால் மட்டுமே மங்குகிறது. அதுவும் கூச்சம் எவ்வளவோ அவ்வளவு. முழுமையாக மங்கும்போது பிரதிபலிப்பு 10 விழுக்காட்டை ஒட்டி இறங்குகிறது, ஆனால் சிறு கூச்சத்துக்கு அவ்வளவு தூரம் போவதில்லை.

14 ஜூலை 2024, ஞாயிற்றுக்கிழமை

கிள்ளான் பக்கம் உள்ள ஹாஃப்கட் கடைகளுக்கு, அதாவது பழைய வண்டிகளின் பாகங்களைக் கழற்றி விற்கும் கடைகளுக்கு, போய்வந்தேன். புதிய கண்ணாடி வாங்கலாம். விலை அதிகம் என்பதைவிட, இணையத்தில் மலிவாக விற்கப்படும் சிலவற்றில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை என்பதே என் தயக்கம். பழையதைக் கடையிலேயே சோதித்து வாங்கலாம்.

சோதிப்பதற்கு ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி, இரண்டு கிளிப் வயர், ஒரு டார்ச் ஆகியவற்றைக் கொண்டுபோனேன். முதலில் எடுத்துக் காட்டியதன் விளிம்பில் மஞ்சள் வளையமும் ஒரு குமிழியும் இருந்தன. கூழைக் காக்கும் ஓரப்பசை தளர்ந்துவிட்டால் இப்படித்தான் தொடங்கும்; பிறகு கூழ் வடிந்து, பட்ட பிளாஸ்டிக்கையும் கெடுக்கும், கண்ணிலும் தோலிலும் எரிச்சல் தரும். அதை ஒதுக்கிவிட்டேன். அடுத்து ஒரு டொயோட்டா கேம்ரியிலிருந்து கழற்றியது கிடைத்தது. மின்சாரம் கொடுத்து, முதுகு உணரியை விரலால் மூடி, முகப் பக்கம் டார்ச்சைக் காட்டினேன். சில விநாடிகளில் கண்ணாடி முழுவதும் ஒரே சீராக நீலம் கலந்த கருமைக்குப் போனது. டார்ச்சை எடுத்ததும் மெதுவாகத் தெளிந்தது. மங்கும்போது நடுவில் ஒரு திட்டு, ஓரத்தில் ஒரு திட்டு என்று தெரிந்தால் வாங்கக்கூடாது.

பிளக்கோடு சேர்த்து ஒரு முழம் வயரையும் வண்டியிலிருந்து வெட்டித் தரச் சொன்னேன். பிளக் இல்லாத கண்ணாடிக்கு வயர் தேடுவது, கண்ணாடி தேடுவதைவிடக் கடினம். அந்தக் கேம்ரியின் விண்ட்ஸ்கிரீனில் ஒட்டியிருந்த, கண்ணாடியைத் தாங்கும் உலோக அடிப்பொத்தானையும் கேட்டேன், ஏனென்றால் வீராவின் பழைய பிடி இதற்கு ஒத்துவராது. கடைக்காரர் சூட்டுத் துப்பாக்கியால் பசையை இளக்கி, பொறுமையாகப் பிரித்துக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 130 வெள்ளி.

15 ஜூலை 2024, திங்கட்கிழமை

அப்பாவிடம் காட்டினேன். தோட்டத்தில் பல காலம் லாரி ஓட்டியவர் என்பதால் முதல் கேள்வியே சரியான கேள்வியாக இருந்தது. “தம்பி, ரிவர்ஸ் எடுக்கும்போதும் இது கறுத்துப்போய் நின்றால் என்ன செய்வாய்?”

அதற்கென்று ஒரு தனி வயர் இருக்கிறது என்று விளக்கினேன். ரிவர்ஸ் கியர் போட்டதும் அந்த வயரில் 12 வோல்ட் வந்து, வெளிச்சம் எப்படி இருந்தாலும் கண்ணாடியைத் தெளிய வைக்கும். தலையசைத்தார்.

20 ஜூலை 2024, சனிக்கிழமை

இன்று பொத்தானை ஒட்டும் வேலை மட்டும். பசை ஓரிரவு இறுக வேண்டும் என்பதால் வயர் வேலையை நாளைக்குத் தள்ளிவைத்தேன். பசை உறையில் எழுதியிருக்கும் நேரம் குறைவுதான். ஆனால் இந்தக் கண்ணாடி பழையதைவிடக் கனம், வெயிலில் நிறுத்திய வண்டியின் உட்சூடு நமது ஊரில் என்ன என்பதும் தெரியும். இரட்டைப் பக்க டேப்பை இதற்கு நம்பவே கூடாது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அதிக நேரம் போனது. விண்ட்ஸ்கிரீனின் மேல் ஓரத்தில் வெயிலுக்காக ஒட்டிய கரும்பட்டை ஒன்று இருக்கிறது. முதுகு உணரி அந்தப் பட்டைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், பகலையும் அது அந்திப் பொழுதாக எடுத்துக்கொள்ளும். தேவையில்லாத நேரத்தில் கண்ணாடி மங்கும். ஆகவே பட்டைக்குக் கீழே, உணரிக்குத் தெளிவான கண்ணாடி கிடைக்கும் உயரத்தில், அதே சமயம் அப்பாவின் முன்பார்வையை மறைக்காத அளவில் நிறுத்த வேண்டியிருந்தது. அப்பாவை இருக்கையில் உட்கார வைத்து, கண்ணாடியைக் கையில் பிடித்து ஏற்றி இறக்கிப் பார்த்து, வெளிப்புறத்தில் மறைப்பு டேப்பால் அடையாளமிட்டேன். பிறகு உட்புறத்தைச் சுத்தம் செய்யும் ஆல்கஹாலால் துடைத்து, பொத்தானின் பழைய பசையைப் பிளேடால் சுரண்டி உப்புத்தாளால் தேய்த்து, பசையை விரைவில் இறுகச் செய்யும் முடுக்கித் திரவத்தைத் தடவிக் காயவிட்டு, ஒரு சொட்டுப் பசையோடு அழுத்திப் பிடித்தேன். பொத்தானின் ஆப்பு முனை எந்தப் பக்கம் என்பதை ஒட்டுவதற்கு முன் கண்ணாடியை மாட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒட்டிய பிறகு திருப்ப வழியில்லை.

21 ஜூலை 2024, ஞாயிற்றுக்கிழமை

பசாருக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் வயர்மன் அண்ணன் காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, முன் தூணின் பிளாஸ்டிக் உறையை எடுத்து, கூரைத் துணியின் ஓரத்தில் வயரைச் செருகி இறக்கினோம். எங்கள் வீராவில் தூணில் காற்றுப்பை கிடையாது. திரைக் காற்றுப்பை உள்ள வண்டியில் வயரை அதன் பின்புறமாகத்தான் கொண்டுபோக வேண்டும். முன்புறம் போனால் பை விரியும் வழியில் வயர் நிற்கும்.

தேவைப்படும் வயர்கள் மூன்றே. சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பினால் மட்டும் வரும் 12 வோல்ட், தரை இணைப்பு, ரிவர்ஸ் சமிக்ஞை. பிளக்கில் வேறு வயர்களும் இருந்தன. அவற்றில் சில வெளிக்கண்ணாடிக்கு மின்சாரம் அனுப்புபவை. ஒவ்வொன்றின் நுனியையும் தனித்தனியாகச் சுருங்கு குழாயால் மூடி ஒதுக்கினோம்.

மின்சாரத்தை ஃபியூஸ் பெட்டியிலிருந்து எடுக்க ஃபியூஸ் டாப் என்னும் கிளை இணைப்பு ஒன்றைப் பயன்படுத்தினோம், கண்ணாடிக்கென்று தனியாக 2 ஆம்பியர் ஃபியூஸ். எந்த ஃபியூஸ் சாவியோடு எழுந்து சாவியோடு அடங்குகிறது என்பதை, பேட்டரியைச் சற்று நேரம் மாட்டி, டெஸ்ட் லேம்ப்பால் பார்த்துத் தேர்ந்தோம். எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸில் மாட்டினாலும் கண்ணாடி வேலை செய்யும். ஆனால் நிறுத்திவைத்த வண்டியின் பேட்டரி சொட்டுச் சொட்டாக வற்றும். தரை இணைப்புக்கு வண்டியின் உடலில் ஒரு போல்ட்டின் அடியில் வண்ணத்தைச் சுரண்டி இறுக்கினோம்.

ரிவர்ஸ் வயருக்கு வந்தபோது அண்ணன், “இதை நிறைய பேர் போடுவதில்லை தம்பி, பின்னால் பூட் வரைக்கும் வயர் இழுக்க வேண்டும். விட்டுவிடலாமா?” என்றார்.

“வேண்டாம் அண்ணே, அதைப் போடாமல் முடிக்க வேண்டாம்” என்றேன். எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுவே உள்ள சந்தில் இரவில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, கோவில் பக்கத்துப் பெருவிளக்கு நேராகப் பின்கண்ணாடியில் அடிக்கிறது. கூச்சம் என்று கண்ணாடி மங்கினால், அந்த வெளிச்சத்துக்கு முன்னால் ஓடும் குழந்தை நிழலோடு நிழலாகப் போய்விடும். வேகமாக மங்குவதைவிட, பின்னால் எடுக்கும்போது மங்காமல் இருப்பது எனக்கு முக்கியம். அண்ணன் ஒப்புக்கொண்டார். கியர்பெட்டியில் உள்ள சுவிட்சிலிருந்து எடுத்தால் தூரம் குறைவு. ஆனால் எஞ்சின் சூட்டையும் நீரையும் கடந்து வர வேண்டும். அதனால் பூட்டில் ரிவர்ஸ் விளக்கின் வயரிலிருந்து கிளை எடுத்து, கதவடிப் பட்டைகளுக்குக் கீழே முன்னால் கொண்டுவந்தோம்.

மாலையில் கண்ணாடியை மாட்டி, முதுகு உணரியைக் கறுப்புத் துணியால் மூடி, பின்னாலிருந்து டார்ச் அடிக்கச் சொன்னேன். மங்கியது. ரிவர்ஸ் கியர் போட்டேன். டார்ச் அடித்துக்கொண்டிருக்கும்போதே தெளிந்தது.

22 ஜூலை 2024, திங்கட்கிழமை

பகல் முழுவதும் தெளிவாகவே இருந்தது. கரும்பட்டைக்குக் கீழே ஒட்டியது சரி. பொத்தான் அசையவில்லை.

4 ஆகஸ்ட் 2024, ஞாயிற்றுக்கிழமை

ஆடி அமாவாசை. நிலவில்லாத இருட்டு என்பதால், அப்பாவை ஓட்டச் சொல்லி லாத்தார் நெடுஞ்சாலையின் ஈஜோக் முனை வரை போய்த் திரும்பினோம். பின்னால் ஒரு லாரி வெகுநேரம் வந்தது. கண்ணாடி மங்கியதில் அதன் இரண்டு விளக்குகளும் வட்டங்களாகப் பிரிந்து தெரிந்தன. தூரத்தைக் கணிக்க முடிந்தது. லாரியின் விளக்கை ஒட்டி வரும் மோட்டாரை இதுவும் முழுமையாக மீட்டுத் தராது, ஏனென்றால் பெரிய விளக்கும் சிறிய விளக்கும் ஒரே விகிதத்தில்தான் குறைகின்றன. ஆனால் அந்தச் சிறிய விளக்கு நெம்புக் கண்ணாடியில் போனதுபோல் அடியோடு மறையவில்லை. லாரி சந்தியில் ஒதுங்கியதும் யாரும் எதையும் தொடாமல் கண்ணாடி தெளிந்து, பின்னால் வந்த கப்சாய் தெரிந்தது. அப்பா வேகத்தைக் குறைத்து அவனைப் போகவிட்டார்.

ஒன்றைக் கவனித்தேன். வீராவின் பின்புறக் கண்ணாடியில் டிண்டட் என்னும் கருமையான தாள் ஒட்டியிருக்கிறது. பின்புறத்துக்கு இருள் வரம்பு இல்லை என்று 2019 மே மாதம் விதி மாறிய பிறகு ஒட்டியது. வெளிச்சம் அதில் வடிகட்டப்பட்ட பிறகே முகப்பக்க உணரிக்கு வருவதால், தொலைவில் வரும் வண்டிகளுக்குக் கண்ணாடி மங்குவதில்லை. அது உணரியின் குறையன்று. கூச்சம் முன்னமே குறைந்துவிட்டது. அந்த டிண்டட்டோ எல்லா விளக்குகளையும், எல்லா நேரமும், தேவை பாராமல் குறைக்கிறது. நெம்பிடம் எனக்கிருந்த மனக்குறை அதனிடமும் இருக்கிறது. பின்புற டிண்டட்டை உரித்துவிட்டு வெளிர் ரகம் ஒட்ட அப்பாவும் சம்மதித்துவிட்டார். சனிக்கிழமைக்குக் கடையில் நேரம் வாங்கியிருக்கிறேன்.