தம்பலகாமத்து நெல்லும் 1899 ரிக்ரெஷனும்

நவம்பர் 9

அக்காவின்ட டேட்டா இண்டைக்குத்தான் முழுசா கைக்கு வந்திச்சு. சிறுபோகத்தில திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்து வயல்ல 60 பிளொட்ல எடுத்தது. ஒவ்வொண்டுக்கும் இலையில எவ்வளவு நைட்ரஜன் எண்டு லாப்ல பார்த்த ஒரு எண், அதோட ஸ்பெக்ட்ரோமீட்டர் தந்த ஒளித்தெறிப்பு, 350 நனோமீட்டர்ல இருந்து 2500 மட்டும் நனோமீட்டருக்கு ஒரு கொலம், மொத்தம் 2151. எந்த பாண்ட் (அலைநீளம்) நைட்ரஜனோட சேர்ந்து ஏறி இறங்குது எண்டு அவவுக்குத் தெரியவேணும், அதால கொலத்துக்கு ஒரு ரிக்ரெஷன், அதாவது தெறிப்புக்கும் நைட்ரஜனுக்கும் ஒரு நேர்கோடு பொருத்துறது. 1350-1450, 1800-1950 ரெண்டு துண்டையும் வெட்டிட்டன், அந்த இடத்தில காத்தில இருக்கிற நீராவியே வெயிலைக் குடிச்சிடும், வெளி வயல்ல வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். மிச்சம் 1899.

நவம்பர் 10

ஆர் எண்ட புள்ளிவிபர மொழியில ஃபோர் லூப் போட்டு, ஒவ்வொரு கொலமா எல்எம் எண்ட ரிக்ரெஷன் கட்டளையை ஓட விட்டன், 1899க்கும் 4 செக்கன். பிறகு ஏன் கவலை எண்டு நினைச்சன். பின்னேரம் அக்கா போன்ல கேட்டா, "தம்பி, 700ம் 701ம் ஒரே கதையைத்தானே சொல்லுது, அதை ரெண்டு டெஸ்டா எண்ணலாமோ?"

சரியான கேள்வி. ஒரு தொடர்புமே இல்லாட்டியும், நூத்துக்கு அஞ்சு தற்செயலை விடுற 0.05 எல்லையில 95 பாண்ட் அளவுக்கு சும்மா தேறும். 0.05ஐ டெஸ்ட் எண்ணிக்கையால பிரிக்கிற பொன்பெரோனி திருத்தம் போட்டா கொரிலேஷன் (ரெண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுது எண்ட எண், உச்சம் 1) 0.51ஐத் தாண்டவேணும், ஆனா அது 1899 டெஸ்டும் தனித்தனி எண்ட மாதிரி தண்டிக்கும், இங்க பக்கத்துப் பாண்டெல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கிடக்கு. நைட்ரஜன் எண்களை சீட்டுக் கலைக்கிற மாதிரி கலைச்சு, ஒவ்வொரு தரமும் 1899லயும் ஆகப் பெரிய கொரிலேஷனை மட்டும் எழுதி வைச்சு, அந்தப் பெரிசுகள்ல 95வது சதவீதத்தை எல்லையா வைக்கிறதுதான் நியாயம். 10,000 தரம் கலைக்கவேணும்.

நவம்பர் 12

10,000 தரம் 4 செக்கன் எண்டா 11 மணித்தியாலம். ராத்திரி ஓட விட்டுட்டுப் படுத்தன், விடியப்புறம் மழையோட கரண்ட் போயிட்டு, லப்டொப் பற்றரி செத்த பற்றரி, எல்லாம் போச்சு. இடையில சேவ் பண்ண ஒரு வரி போட்டிருக்கலாம், போடேல்ல.

எல்எம் ஏன் இவ்வளவு நேரம் எடுக்குது எண்டு உள்ளுக்கு பார்த்தன். ஒவ்வொரு தரமும் ஃபார்முலாவை வாசிக்குது, டேட்டாவைத் திரும்ப அடுக்குது, விடுபட்டது இருக்கோ எண்டு தேடுது, பிறகுதான் கியூஆர் எண்ட உண்மையான கணக்கைப் போடுது, அதுக்கு மேல சம்மரி வேற. கணக்கு கொஞ்சம், சடங்கு கனக்க. எல்எம்முக்கு உள்ள வெறும் கணக்கை மட்டும் செய்யிற எல்எம் டாட் ஃபிட்டுக்கு மாத்தினா ஃபார்முலா வேலை இல்ல, பல மடங்கு வேகம், ஆனா அதுவும் லூப்தானே.

நவம்பர் 13

டச் பே கடற்கரைப் பக்கம் நடக்கேக்க விளங்கிச்சு, உடன வீட்ட வந்து எழுதுறன். எக்ஸ் (இங்க தெறிப்பு) ஒண்டே ஒண்டு எண்டா ரிக்ரெஷன் எண்டதே கொரிலேஷன்தான். சரிவு வேணுமெண்டா கொரிலேஷனை ஒய்யின்ட (நைட்ரஜன்) நியம விலகலால பெருக்கி எக்ஸின்ட நியம விலகலால பிரிக்க வரும், டெஸ்டுக்கான டி எண்ட எண் வேணுமெண்டா அதே கொரிலேஷனை (60-2)/(1-கொரிலேஷன் வர்க்கம்) எண்டதின்ட வர்க்கமூலத்தால பெருக்கினா சரி. எல்லாக் கொலத்திலயும் 60 பிளொட்டும் இருக்கிறதால பி-வேல்யூவே (தற்செயலா வர எவ்வளவு வாய்ப்பு எண்ட எண்) தேவையில்ல, குறியை விட்டுட்டு கொரிலேஷன் பெருசெண்டா பி சின்னன், அவ்வளவும் தான்.

அப்ப, 60க்கு 1899 மெட்ரிக்ஸை ஒரே ஒரு தரம் ஸ்கேல் பண்ணி (சராசரியைக் கழிச்சு நியம விலகலால பிரிச்சு) வைக்கிறன். கலைச்ச நைட்ரஜனை 60க்கு 1000 மெட்ரிக்ஸா அடுக்குறன். கிராஸ்பிராட் எண்ட மெட்ரிக்ஸ் பெருக்கல் ஒண்டு. 19 இலட்சம் ரிக்ரெஷன் ஒரு பெருக்கல்ல! மெமரி 15 எம்பி அளவுதான், அப்பிடி பத்துத் தரம்.

நவம்பர் 14

முதல் ஓட்டத்தில கொரிலேஷன் 27 எண்டு வந்திச்சு. ஒண்டுக்கு மேல போகேலாத எண் அது. ஸ்கேல் நியம விலகலை எடுக்கேக்க 59ஆலதான் பிரிக்கும், நான் பெருக்கினாப் பிறகு திரும்ப 59ஆல பிரிக்கேல்ல. பிரிச்சன். பிறகு ஐஞ்சு பாண்டை எடுத்து எல்எம் தந்த டியோட வைச்சுப் பார்த்தன், தசமத்துக்கு தசமம் ஒத்துப்போச்சு, நிம்மதி.

விடுபட்ட எண் இருக்கிற ஆக்கள் கவனிக்கவேணும்: எல்எம் சத்தமில்லாம அந்த வரியை விட்டுட்டு நடத்தும், கிராஸ்பிராட் முழுக் கொலத்தையும் என்ஏ (எண் இல்ல) ஆக்கிடும். எனக்கு ரெண்டாவதுதான் விருப்பம், பிழை கண்ணுக்குத் தெரியும்.

நவம்பர் 16

பத்தாயிரமும் ஒரு நிமிசத்துக்குள்ள முடிஞ்சுது. எல்லை 0.38, பொன்பெரோனியின்ட 0.51 எங்க இது எங்க. 700ல இருந்து 740 மட்டும் வடிவாத் தாண்டி நிக்குது, பச்சையம் சிவப்பைக் குடிச்சு முடிச்சு தெறிப்பு சடாரெண்டு ஏறுற இடம், அக்கா எதிர்பார்த்த இடமும் அதுதான்.

சந்தோசத்தோட அனுப்பினன். அவ திரும்ப எழுதினா, 30 பிளொட் வாய்க்கால் தலைப்பில, 30 கடைசியில, கந்தளாய்க் குளத்துத் தண்ணி ரெண்டுக்கும் ஒரே மாதிரி வராது எண்டு. இதை நான் முதல்லயே கேட்டிருக்கவேணும். அப்ப ரெண்டு பக்கத்தின்டயும் சராசரியை அந்தந்தப் பக்கத்தில கழிச்சு, ஒய்யிலயும் எக்ஸிலயும், கலைக்கிறதும் பக்கத்துக்குள்ளேயேதான். 1933ல ஃபிரிஷ், வா எண்ட ரெண்டு பொருளியலாளர் காட்டின கணக்கு அது, டிக்கு இனி 60-2 எண்ட 58 இல்ல, பக்கத்தால இன்னொண்டு குறைஞ்சு 57. சராசரி கழிக்கிற ரெண்டு வரி எழுதிட்டன், கலைக்கிற துண்டை மாத்திட்டு ராத்திரியே ஓட்டுவன்.