வாட்ஸ் கணக்கும் காது கணக்கும்

வீட்டு ஸ்டுடியோவுக்கு மானிட்டர் ஸ்பீக்கர் (பதிவு செய்த ஒலியை உள்ளபடி கேட்டுச் சரிபார்க்க உதவுவது) வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்றுதான். சின்ன அறையில், ஸ்பீக்கருக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து மிக்ஸ் செய்பவருக்கு, அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலப்பவருக்கு, அது எதற்கு? வாட்ஸ் இரண்டு மடங்கானால் கூடுவது வெறும் 3 டெசிபல் (ஒலி அளவின் அலகு). காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதாவது பத்து மடங்கு வாட்ஸ்!

இதில் பெரிய வில்லன் நம்ம காதுதான். சத்தம் குறைந்தால் பேஸ் (கனமான அடி ஒலி) நமக்கு அமுங்கித்தான் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். வால்யூமை ஏற்றியதும் பேஸ் பொங்கி வர, "ஆஹா, என்ன மிக்ஸ்!" என்று தோன்றும். மிக்ஸ் என்னவோ அப்படியேதான் இருக்கும். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போதும் இதே கதை. கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதுதான் 'தெளிவாக' இருப்பதாகப் படும். பிங்க் நாய்ஸ் (தாழ்ந்ததும் உயர்ந்ததுமாக எல்லா ஒலியும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, போனில் உள்ள ஒலி மீட்டரை வைத்தாவது இரண்டையும் சமப்படுத்திவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்.

மூலையில் ஒட்டி வைத்த ஸ்பீக்கரில் பேஸ் வீங்கும் (அதையும் 'பவர்' என்று ரசிப்பவர்கள் உண்டு). முன்னால் இழுத்து, ட்வீட்டரை (கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கரை) காது உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். செலவே இல்லை.

நான் பெரும்பாலும் மெல்லிய வால்யூமில்தான் வேலை பார்ப்பேன். குரல் அமுங்குகிறதா, ஸ்னேர் டிரம் துருத்துகிறதா என்பது அதில் உடனே பிடிபடும். பேஸைச் சரிபார்க்க மட்டும் சற்று நேரம் ஏற்றினால் போதும். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் காதுக்குப் பரிந்துரைக்கப்படும் எல்லை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும்.