பின் சக்கரம் தள்ளும் வண்டியும் கார்த்திகை மழையும்

மதுரையில் நமக்குக் குளிர்காலம் என்பது ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டும் அடைமழையும், மார்கழி விடியலில் சாலையை மறைக்கும் மூடுபனியும்தான். அம்பாசடர் காலத்திலிருந்து ஆம்னி, ஈக்கோ, பொலிரோ, பழைய இன்னோவா வரை நம் பக்கத்தில் ஓடும் பல வண்டிகளில் எஞ்சினின் விசை பின் சக்கரங்களுக்கே போகிறது. அத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள், அதிலும் அதை மலைக்குக் கொண்டுபோகிறவர்கள், ஈரச் சாலையில் ஆளும் சுமையும் இறங்கிய பிறகுதான் கூடுதல் கவனத்தோடு ஓட்ட வேண்டும் என்பதை நான் ஒரு கார்த்திகை மாதத்தில் கற்றுக்கொண்டேன்.

என் மனைவியின் வீடு கொடைக்கானலில் இருக்கிறது. அன்று காலை ஆம்னியில் ஐந்து பேரையும் இரண்டு மூட்டை அரிசியையும் ஏற்றிக்கொண்டு, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாக மலையேறினேன். வழியெல்லாம் தூறல் இருந்தும் வண்டி ஓரிடத்திலும் வழுக்கவில்லை. மாலையில் எல்லோரையும் அங்கே விட்டுவிட்டுத் தனியாக இறங்கினேன். பெருமாள்மலையைத் தாண்டிச் சில கிலோமீட்டர் வந்ததும், வலப்புறம் திரும்பும் ஒரு வளைவில் எதிரே பேருந்து ஏறி வந்தது. மூன்றாவது கியரில் இருந்த நான் அவசரமாக இரண்டாவதுக்கு மாற்றிக் கிளட்சைச் சட்டென்று விட்டேன். பின்பக்கம் யாரோ பிடித்துத் தள்ளியதுபோல இடப்புறமாக ஒதுங்கியது. கால் பிரேக்குக்குப் போகாமல் கிளட்சை மறுபடி மிதித்ததும், கை தானாக ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்ததும் அன்று என்னைக் காப்பாற்றின. வண்டி நேரானபோது பின் பம்பருக்கும் தடுப்புச் சுவருக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை.

அகலமான இடத்தில் நிறுத்தி இறங்கிப் பின் டயரைக் கையால் தடவிப் பார்த்தேன். பட்டன், அதாவது டயரின் மேல் வெட்டியிருக்கும் வரிகள், தேய்ந்து, நடுப்பகுதி ஈரத்தில் சோப்பைப்போல வழவழத்தது. முன் டயர்கள் இரண்டும் புதியவை. இரண்டு மாதத்துக்கு முன்பு டயர் மாற்றியபோது, திருப்புவது முன் சக்கரம் என்பதால் புதியதை முன்னால் போடுவதே நல்லது என்று கடையில் சொன்னார்கள், நானும் சரி என்றேன். இன்று யார் கேட்டாலும், இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதிய இரண்டையும் பின்னால் போடுங்கள் என்றே சொல்வேன். முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்தால் பிடி திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மி.மீ. இருந்தால் போதும், ஆனால் மழைக்காலத்துக்கு 3 மி.மீ.க்குக் குறைந்தாலே மாற்றிவிடுவது உத்தமம்.

வண்டி காலியாக இருக்கும்போது பின் சக்கரங்களின் மேல் பாரம் குறைவு; இறக்கத்தில், இருக்கிற பாரமும் முன்னால் சாய்ந்துவிடும். அந்த நேரத்தில் கியரைக் குறைத்தால் எஞ்சின் பிடித்து இழுப்பது பின் சக்கரங்களை மட்டுமே. பல ஆண்டுகள் மலைப்பாதையில் பேருந்து ஓட்டிய என் பெரியப்பாவிடம் நடந்ததைச் சொன்னபோது, அவர் கோபப்படாமல் ஒன்றே ஒன்று சொன்னார்: “வளைவுக்கு முன்னாடியே கியர மாத்திரணும்யா, உள்ள போயி மாத்தாத.” ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்கள் எல்லோரும் அறிந்த வழக்கம், அதோடு, வளைவுக்குள் ஆக்சிலரேட்டர், பிரேக், கிளட்ச் எதையும் திடுமென்று தொடாதிருப்பதைச் சேர்த்துக்கொண்டால் பாதி ஆபத்து விலகிவிடும். கைப்பிரேக்கும் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும் என்பதால், ஓடும் வண்டியில் அதை இழுக்கவே கூடாது.

பனி கொட்டும் நாடுகளில் இத்தகைய வண்டிகளின் பின் அச்சுக்கு மேல் மணல் மூட்டை வைப்பார்கள், குளிரில் இறுகாத ரப்பரால் செய்த தனி டயர்களை மாட்டுவார்கள், புறப்படும்போது இரண்டாவது கியரிலேயே மெதுவாக எடுப்பார்கள். நமக்கு அந்தப் பனி இல்லை. கொடைக்கானலில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளியில் வெண்மையாக உறைவதோடு பெரும்பாலும் சரி. ஆயினும் அந்த மூட்டை யோசனையை நான் எடுத்துக்கொண்டேன். தனியாக இறங்கும் நாளில் 25 கிலோ மூட்டைகள் இரண்டைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறேன். கட்டாத மூட்டை, பிரேக் பிடித்தால் நம் முதுகைத் தேடி வரும். பின் கதவோரம் தள்ளி வைத்தால், வழுக்கும்போது அதுவே வாலை வீசிவிடும்.

பல நாள் வெயிலுக்குப் பின் விழும் முதல் மழையின் தொடக்கத்தைப்போல மோசமான நேரம் வேறில்லை, ஏனெனில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் ஊறிக் கிளம்புகின்றன. மலையில் மரநிழல் விழும் வளைவுகள் மழை நின்று வெகுநேரம் ஆகியும் காய்வதில்லை. மூடுபனியில் விளக்கை டிம்மில் வைத்தால்தான் வழி தெரியும், பிரைட்டில் போட்டால் வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பும். ஊருக்குள் தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்தால், பிரேக்கை மூன்று நான்கு முறை லேசாக மிதித்துச் சூடேற்றிக் காயவைத்த பிறகே வேகம் எடுக்கிறேன்.

அடுத்த வாரம் மாமியாரை அழைத்துவர மறுபடி மலையேறுகிறேன். பின் டயர்கள் இரண்டும் புதியவை. திரும்பும்போது ஆள் இருப்பதால் மூட்டைக்கு வேலையில்லை. இருட்டுவதற்குள் வத்தலக்குண்டைத் தொட்டுவிட, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கிளம்பிவிட வேண்டும் என்று அவரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.